களம் காணாத நுழைவுத் தேர்வு

ஐ.ஐ.டி.களில் நிலவியல் முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் 'ஜாம்' தேர்வு, 60 வினாக்களுக்கு 100 மதிப்பெண் என 3 மணி நேரத்தில் கணினித் திரையிலேயே முடிந்துவிடுவதும், நேர்காணலின்றித் தரவரிசையே இடத்தைத் தீர்மானிப்பதும் சிபாரிசுக்கு இடங்கொடாத நேர்மை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வெயிலில் நின்று, கடல்வாழ் உயிரின் புதைபடிவத்தைச் சுத்தியல் பட்டுச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, பாறையடுக்கு கிடைத்தளத்திலிருந்து எத்தனை பாகை சரிந்துள்ளது என்பதைக் குறிக்கும் 'சாய்வு' அளவைச் சாய்வுமானியால் கண்டு குறிப்பேட்டில் பதிந்த மாணவரின் கைப்பழக்கத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அக்குறிப்பேட்டின் நான்கு பக்கங்களை (செம்மண் கறை படிந்திருந்தாலும் குற்றமில்லை) விண்ணப்பத்துடன் கேட்டுப் பெற்றால், தரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இருவரில் பாறையைத் தொட்டறிந்தவர் யாரென்பது தெரிந்துவிடும்.