பாசி வளரும்வரை பொறுக்கச் சொன்னவர்

சென்ற மகளிர் தினத்தன்று எங்கள் கல்லூரியில் ஒரு சிறப்புரை. பேச வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்லவர் என்று பெயர். உரை முடிந்ததும் விடுதி மாணவிகள் எழுந்தார்கள். நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது, எங்கள் விடுதிக் கதவை ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், ஆண்கள் விடுதியில் இந்தப் பூட்டு கிடையாது, இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் ஐயா என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். "இயற்கையைப் பாருங்கம்மா. வெறும் பாறையில் முதலில் பாசி வரும். அப்புறம் புல், புதர். கடைசியில்தான் காடு. உங்க பாட்டிக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, நீங்க கல்லூரிக்கே வந்துட்டீங்க. எல்லாம் படிப்படியா வரும், அவசரப்படாதீங்க" என்றார். கைதட்டல். தட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

நான் தாவரவியல் நடத்துகிறவள். என் பாடத்தை எடுத்து என் மாணவிகளின் வாயை அடைத்துவிட்டுப் போனார் அவர். பாறையில் முதலில் வருவது பாசிகூட இல்லை, லைக்கன். அதை விடுங்கள்.

தாவர வழிமுறை வளர்ச்சி என்று நம் பாடப்புத்தகம் சொல்லும் இந்தக் கதைக்குப் பெரிய வடிவம் கொடுத்தவர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கர். ஆண்டு 1916. ஒரு காடு ஒரு உயிர்போலப் பிறந்து, வளர்ந்து, உச்சநிலையை அடையும் என்றார். அவருடைய மனைவி ஈடித் கிளெமென்ட்ஸ் 1904இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற சூழலியலாளர். கள ஆய்வுக்குக் காரை ஓட்டியதும், அது நின்றால் பழுது பார்த்ததும், செடிகளை வரைந்ததும், கணவருக்குத் தட்டச்சு செய்ததும் அவர்தான். நம் மாணவிகளுக்கு ஒரே ஒரு கிளெமென்ட்ஸைத்தான் தெரியும்.

1926லேயே கிளீசன் என்பவர் இதை மறுத்தார். செடிகள் எந்த உச்சத்தையும் நோக்கி வரிசைகட்டிப் போவதில்லை, எது எங்கே தாக்குப்பிடிக்கிறதோ அது அங்கே நிற்கிறது என்றார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. மேடைகளில் இன்னும் படிக்கட்டுக் கதைதான் ஓடுகிறது.

நான் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் வளர்ந்தவள். அந்தப் பேராசிரியரைப் பாறைக்கு அழைத்துப்போக எனக்கு ஆசையில்லை. சிதம்பரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம் இருக்கிறது, அங்கே அழைத்துப்போவேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள சுரபுன்னைக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரத்தையும் அங்கேதான் காட்ட முடியும்.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள். இருபது, இருபத்தைந்து வருடத்தில் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. அதாவது படிப்படியாக வரும் என்ற அதே நம்பிக்கை, அரசாங்க முத்திரையோடு.

பல இடங்களில் வளரவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கியது, தரை தாழ்ந்து தாம்பாளம்போல் குழிந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவைத்தது. வருடா வருடம் உப்பு ஏறியது. அக்கம்பக்கத்து மரங்களிலிருந்து வெண்கண்டல் விதை மிதந்து வந்தாலும் பிழைக்கவில்லை. ஓரங்களில் உமரிச் செடி மட்டும் நின்றது. அடுத்த படி வரவே இல்லை. இன்னும் ஐம்பது வருடம் பொறுத்திருந்தாலும் வந்திருக்காது.

பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? ஆடு மாடு மேய்ப்பவர்கள் மேல், விறகு எடுப்பவர்கள் மேல். நம் கிராமங்களில் விறகுக் கட்டு யார் தலையில் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலைச்சுமைக்குக் காடு அழிந்தது என்று நம்பினார்கள். கூப்புக் கணக்கில் கையெழுத்திட்டுப் போன காடு அவர்கள் கண்ணில் படவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தரையை அளந்து பார்த்த பிறகுதான் இந்தக் குழிவும் உப்பும் காரணம் என்று தெளிவானது. ஊர் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் மீன்முள்போலக் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு இறங்கியது, நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது.

பிச்சாவரத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எந்த வாய்க்காலில் நீர் ஓடுகிறது, எதில் தேங்கிச் சுடுகிறது என்று உடம்பால் அறிந்தவர்கள். மகளிர் தின மேடைக்கு அவர்களில் ஒருவரை அழைத்திருக்கலாம். அழைக்கும் யோசனை எனக்கும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காட்டிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. கரையோரம் சுரபுன்னை, அதன் பின்னால் வெண்கண்டல், அதற்கும் பின்னால் உமரி என்று பட்டை பட்டையாக நிற்கும். புளோரிடாவின் இப்படிப்பட்ட காடுகளைப் பார்த்து 1940இல் டேவிஸ் என்பவர், இவை வளர்ச்சியின் அடுத்தடுத்த கட்டங்கள், காடு கடலை நோக்கி முன்னேறுகிறது என்று எழுதினார். மெக்சிகோவின் தபாஸ்கோ கடற்கரையை ஆராய்ந்த தாம், 1967இல் அப்படியில்லை என்றார். சேறும் மேடும் ஓதமும் எங்கே எப்படியோ, அதற்கேற்ற மரம் அங்கே நிற்கிறது என்றார். அதாவது சுரபுன்னை, வெண்கண்டல் ஆவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைப் பார்த்து "இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை" என்கிறவர்கள் டேவிஸ் செய்த தவற்றையே செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஆறு மணிக்கு விடுதிக்குள் இருப்பது அவர்கள் வளர்ச்சியின் ஒரு கட்டமா? வெளியே ஒருவர் பூட்டிய பூட்டு அது.

பேராசிரியருக்கு 1977இல் கானெலும் ஸ்லாட்டியரும் எழுதிய கட்டுரையையும் நினைவூட்ட வேண்டும். முதலில் வந்த உயிர்கள் அடுத்து வருபவற்றுக்கு இடம் தயார் செய்து கொடுப்பது ஒரு வகை மட்டும்தான் என்றார்கள். இன்னொரு வகையில் முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது சாகும்வரை, அல்லது சேதப்படும்வரை, மற்றதை உள்ளே விடாது. இந்த வகையை வகுப்பில் நடத்தும்போது நான் விளக்கவே தேவைப்படுவதில்லை. பெண்கள் முதல் வரியிலேயே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள்.

விடுதிக் கதவு இன்னும் ஆறு மணிக்குத்தான் பூட்டப்படுகிறது. மாணவிகள் மறுபடி மனு எழுதியிருக்கிறார்கள். "ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று முடித்திருந்த வரியை அடித்துவிட்டு, எந்தத் தேதியில் திறப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர்கள் கையெழுத்திட இரண்டு இடம் விட்டிருந்தார்கள். ஒன்றில் நான் போட்டுவிட்டேன். மற்றது இதை எழுதும்வரை காலியாக இருக்கிறது.