"யார் பார்த்தது?" என்று கேட்பவர்களுக்கு

2023ம் ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமம் வெளியேற்றப்பட்டது. "பாரம்பரியமும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் வெறும் "பாரம்பரியம்" ஆயிற்று. கொரோனா காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று தொடங்கிய வெட்டு, பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் நிலைத்தது. அந்த ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். கிடைத்த பதில் என்ன? "பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே!"

பன்னிரண்டில் அதைப் படிப்பவர் யார்? உயிரியல் எடுத்தவர் மட்டுமே. பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போகிறவன், வணிகக் கணக்கு எடுப்பவள், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போகிற பெண், தகப்பனோடு காட்டு வேலைக்கு இறங்குகிற பையன், இவர்களுக்கு அது எதற்கு என்பதுதானே இதன் அர்த்தம்?

இந்த வெட்டுக்கு முன்பே ஒரு குரல் கேட்டது. 2018 ஜனவரியில், கல்வி இலாகாவின் இணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை விஞ்ஞான ரீதியில் தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவோ எழுதவோ இல்லை என்பது அவர் வாதம்.

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை உருவானதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. அதனால் பாறை இல்லை என்றாகிவிடுமா? பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது அது என்பதை அந்தக் கல்லே சொல்கிறது. அந்தச் சூட்டில் எலும்பும் ஓடும் தங்காது. ஆகவே நம் மலையில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. படிவத்துக்குக் கடலடிச் சேறும் ஆற்று வண்டலும் வேண்டும்.

அவற்றைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திருச்சியைத் தாண்டி அரியலூருக்குப் போனால் போதும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கங்களில் சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளும் சுறாமீன் பற்களும் கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலையடித்தது. அந்த அடுக்குகளில் மனித எலும்பு கிடையாது, மாட்டு எலும்பும் கிடையாது. உலகில் எங்கே தோண்டினாலும் இதே வரிசைதான். எல்லா உயிரும் ஒரே நாளில் படைக்கப்பட்டிருந்தால் எல்லாம் கலந்தல்லவா கிடக்க வேண்டும்?

"இடைப்பட்ட பிராணி எங்கே?" என்று அடுத்த கேள்வி வருகிறது. காஷ்மீரத்தின் காலாகோட்டில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்து வைத்த கற்களில் அது இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, குட்டி மான் போன்ற ஒரு பிராணியின் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பைப் போலத் தடித்திருந்தது. இண்டோஹையஸ் என்ற அந்தப் பிராணி திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007ல் உலகம் அறிந்தது.

குரங்கு நம் பாட்டன் என்று டார்வின் சொன்னதாகக் கேலி பேசுகிறவர்கள் அவரைப் படிக்காதவர்கள். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான மூதாதை எப்போதோ மறைந்துவிட்டது.

கண்ணால் பார்த்தே தீருவேன் என்பவர்கள் பருத்திக் காட்டுக்கு வரட்டும். 2002ல் பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டது. காய்ப்புழுவைக் கொல்லும் விஷம் செடியிலேயே இருக்கிறது என்றார்கள். 2010க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்துக்குப் பணியவில்லை என்பது வெளியாயிற்று. புழு மந்திரம் கற்றுக்கொண்டதா? இல்லை. கோடிப் புழுக்களில் விஷத்தைத் தாங்கும் சில எப்போதும் உண்டு. மற்றவை செத்தன, அவை பிழைத்தன, பெருகின. உயிர்களிடையே வேறுபாடு, வேறுபாட்டில் தேர்வு, தேர்ந்தது சந்ததிக்குப் போவது: டார்வின் சொன்னது இவ்வளவுதான்.

450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்களே, எதற்கு? வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தி நின்றால் விஷம் தாங்காத புழுக்களும் அங்கே பிழைக்கும். அவற்றின் அந்துப்பூச்சிகள் தாங்குகிற பூச்சிகளோடு கலந்தால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை விஷத்துக்குப் பலியாகும். எதிர்ப்புச் சக்தி பரவுவது தாமதப்படும். காரணம் தெரியாத விவசாயிக்கு அந்தச் சின்னப் பை வீண் பையாகவே தோன்றும். அதைத் தூக்கி எறிந்தால் அவர் மீது குற்றமா, காரணத்தைச் சொல்லித்தராதவர்கள் மீது குற்றமா? புழு தப்பினால் மருந்துக் கடைக்கு வியாபாரம், விவசாயிக்குக் கடன்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் மருந்தைத் தாங்கும் கிருமி மிஞ்சிப் பெருகும். பாதியில் நிறுத்தாதே என்று டாக்டர் சொல்வதன் காரணம் பரிணாமம். அந்தக் காரணம் மருத்துவக் கல்லூரிக்குள் மட்டும் பூட்டிக் கிடக்கலாமா? பூட்டுக்குப் பேர்போனது எங்கள் திண்டுக்கல். ஆனால் அறிவுக்குப் பூட்டுப் போட எந்தத் தொழிலாளியும் இங்கே பூட்டுச் செய்யவில்லை.

2019ல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இடம்பெற்றது. டில்லியில் வெட்டியதை இங்கும் வெட்டினால் என்ன என்று ஒருவர் கிளம்ப நாளாகாது. பெற்றோர்களே, ஆசிரியர்களே! உங்கள் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்தாவதில் அந்தப் பாடம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் இல்லை என்று கேளுங்கள். பத்தாவதோடு படிப்பு முடிகிறவருக்கே அந்தப் பாடம் முதலில் வேண்டும்!