தலையாட்டாதீர்கள், கேளுங்கள்



வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்க நம் திருத்தணியிலிருந்தும் பெற்றோர்கள் மீனம்பாக்கம் போகிறார்கள். பெட்டி போடும் கவுன்ட்டரில் பெரும்பாலும் இந்த நாலு கேள்விதான்:

'ஹவ் மெனி பேக்ஸ்?'
'டிட் யூ பேக் இட் யுவர்செல்ஃப்?'
'எனி பவர் பேங்க் இன்சைட்?'
'டிட் எனிஒன் கிவ் யூ எனிதிங் டு கேரி?'

புரியாமல் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. விமானத்தின் சரக்கு அறையில் பவர் பேங்க் தீப்பிடித்தால் பக்கத்தில் அணைக்க ஆளில்லை. அதனால்தான் கைப்பையில் வைக்கச் சொல்கிறார்கள். அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தில் எது இருந்தாலும் பதில் சொல்லவேண்டியது கொண்டுபோகிறவர்தான்.

இலக்கணம் அப்புறம். டிக்கெட் அனுப்பும் பிள்ளைகளே, இந்த நாலு கேள்வியையும் போனில் பத்து நாள் சொல்லிப் பழக்குங்கள். அப்படியும் புரியாவிட்டால், 'தமிழில் சொல்லுங்க' என்று கேட்க வெட்கமே வேண்டாம். வகுப்பில் கைதூக்கிக் கேட்ட பிள்ளைதான் தேறும், கவுன்ட்டரிலும் அப்படித்தான்.