பஸ்ஸும் லாரியும் ஒரே வரிசையில்

கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 8 அன்று உத்தரவிட்டது. போக்குவரத்துக் கழகங்கள் வைத்த சுங்கக் கட்டண நிலுவை 276 கோடி ரூபாய். அரசு முறையிட்டதும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 15 அன்று, ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்தது. அப்போது 3,000 ரூபாய்க்கு 200 சாவடிக் கடப்பு. சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்.

நிலுவைக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டோம். ஒப்பந்தப்படி தர வேண்டியதைத் தந்தே ஆக வேண்டும். ஆனால் சுங்கக் கட்டணம் ஆண்டுதோறும் 3 சதவீதமும், அதோடு மொத்தவிலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் தானாக ஏறுகிறது. பயணச்சீட்டு விலையோ 2018 ஜனவரிக்குப் பின் ஏறவில்லை. எங்காவது பாக்கி விழத்தான் செய்யும்.

எங்கள் பழைய வாதம் வேறு. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008 கட்டண விதிகளில் ‘பஸ் அல்லது லாரி’ என்று ஒரே வகை. அடிப்படை விகிதம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, பஸ்ஸுக்கு 2.20 ரூபாய். அச்சுச்சுமைதான் காரணம் என்பார்கள். சாலைக்கு மேல்தளம் போடும் செலவுக்கு அது பொருந்தும். நான்குவழியை ஆறுவழியாக்கும் செலவை எந்த அச்சு இழுத்துவந்தது? சாலையில் ஒரு கார் பிடிக்கும் இடம் 1 பிசியு என்றால், பஸ் 3 பிசியு. ஐம்பது பேரை ஏற்றுகிறது. அதே ஐம்பது பேர் காருக்கு இருவராகப் போனால் 25 பிசியு. தலைக்குப் பார்த்தால் பஸ் பயணி தருவது குறைவுதான், மறுக்கவில்லை. சலுகை யாரைத் தேடிப் போகிறது என்பதே கேள்வி. வருடாந்திர பாஸ் தொடங்கியபோது கார்க்காரருக்குக் கடப்பு 15 ரூபாய்க்கு முடிந்தது. பஸ்ஸுக்கு இருப்பது பழைய மாதப் பாஸ்: 50 ஒருவழிக் கடப்பு, மூன்றில் இரண்டு பங்கு கட்டணம். நாளுக்கு நான்கு முறை சாவடி தாண்டும் வண்டிக்கு அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. பஸ் ஏறியே பார்க்காதவர்கள் எழுதிய விதியோ என்னவோ!

லண்டனில் 2003-ல் நெரிசல் கட்டணம் தொடங்கிய அன்றே பஸ்களுக்கு விலக்கு. வசூலைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்றது சட்டம். இங்கே நாம் விலக்குகூடக் கேட்கவில்லை. பஸ்ஸை லாரியிலிருந்து பிரித்துத் தனி வகையாக்குங்கள், அட்டவணைப்படி ஓடும் வண்டிக்கு வருடாந்திர பாஸ் கொடுங்கள் என்கிறோம். மத்திய அமைச்சகத்துக்கு இது பெரிய வேலையல்ல, விதித் திருத்தம் போதும். காருக்கு ஒரே அறிவிப்பில் முடிந்ததே.

கழகங்களில் பணிபுரியும் வாசகர்கள் தங்கள் கோட்டத்தின் சாவடிக் கடப்பையும் பயணிகள் எண்ணிக்கையையும் தடவாரியாக எழுதி அனுப்புங்கள். அமைச்சகத்துக்கு அனுப்பும் மனுவோடு இணைக்கிறோம்.