கெண்டியும் உப்பு நீரும்

மார்கழி பிறந்தால் நமது ஊரில் இரண்டு விதமான கச்சேரிகள் ஆரம்பமாகின்றன. ஒன்று சபாக்களில் நடப்பது. அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும். மற்றொன்று வீடுகளில் நடப்பது. அதற்கு அனுமதி இலவசம். தும்மலில் தொடங்கி, இருமலில் விஸ்தரித்து, மூக்கை உறிஞ்சும் தனி ஆவர்த்தனத்துடன் முடியும் இந்தக் கச்சேரிக்கு மங்களம் பாடுவார் மட்டும் கிடையாது. வீட்டில் கடைசி நபர் எழுந்து நடமாடும்போது முதல் நபர் மறுபடியும் சுருதி சேர்க்கத் தொடங்கி விடுகிறார்.

சென்ற மார்கழியில் நமது இல்லத்திலும் இது நிகழ்ந்தது. ஏழு பேர் உள்ள வீடு. ஜலதோஷம் ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. நமது முறை வந்தபோது, மூக்கின் இரு துவாரங்களும் அடைத்துக் கொண்டு, உலகத்தின் மீதே ஒரு வெறுப்பு உண்டாகி விட்டது. அச்சமயம் விருந்துக்கு வந்திருந்த மைத்துனர், யோகாசனங்களில் பற்றுள்ளவர், "இதற்கா அத்திம்பேர் இவ்வளவு அவஸ்தைப் படுகிறீர்கள்? ஜலநேதி செய்யுங்கள். உப்பு நீரை ஒரு துவாரத்தில் விட்டு மறு துவாரத்தில் வெளியேற்றினால் போதும்" என்றார். அத்துடன் நில்லாமல் கடைத்தெருவுக்குப் போய், மூக்கு நீண்ட சிறு கெண்டி ஒன்றையும் வாங்கிக் கொண்டு வந்து விட்டார்.

நாமும் உற்சாகத்துடன் கெண்டியை எடுத்துக் கொண்டு குழாயடிக்குச் சென்றோம். நமது அத்தைக்கு வயது எண்பத்திரண்டு. கூடத்திலிருந்தபடியே அவர் ஓர் அதட்டல் போட்டார்: "அடேய், பச்சைத் தண்ணியை மூக்கிலே ஏத்திக்காதே! காய்ச்சி ஆற வெச்சு எடுத்துக்கோ!"

நாம் சிரித்தோம். குடிக்கிற தண்ணீர்தானே; வயிற்றுக்கு ஆவது மூக்குக்கு ஆகாதா என்று வாதாடினோம். அத்தை காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தார். வேறு வழியின்றிக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பின் மதிப்பு பிற்பாடுதான் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

முதலில், உப்பு நீரால் பயன் உண்டா என்று பார்ப்போம். நமது நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. 'முன்னோர்கள் எல்லாவற்றையும் கண்டு பிடித்து விட்டார்கள். இனி ஆராய ஒன்றுமில்லை' என்பது ஒரு கட்சி. 'பாட்டி வைத்தியமெல்லாம் பத்தாம் பசலி. மாத்திரைதான் மருந்து' என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாயிருக்கிறார்கள். பரீட்சை செய்து பார்க்க இருவருக்கும் மனமில்லை.

ஹடயோகப் பிரதீபிகை என்னும் நூலில் சொல்லப்பட்ட ஆறு சுத்திக் கிரியைகளில் நேதியும் ஒன்று. ஆனால் அந்நூல் கூறுவது மூக்கின் வழியே நூலை விட்டு வாயின் வழியே எடுக்கும் முறையாகும். நீரைக் கொண்டு செய்யும் ஜலநேதி யோகாசிரியர்களின் பழக்கத்தில் வழங்கி வருவது. சித்த வைத்தியத்தில் நசியம் என்று மூக்கில் மருந்து விடும் முறை உண்டு, அதுவும் வேறு. ஆகவே பழமையின் பெருமையை மட்டும் சொல்லி இதை நிலைநாட்ட முடியாது. சோதித்துப் பார்த்தவர்களின் வார்த்தையைக் கேட்பதே நியாயம்.

அப்படிச் சோதித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தின் வைரஸ் நிபுணரான டாக்டர் சந்தீப் ராமலிங்கம். அவரும் அவருடைய சகாக்களும் ஜலதோஷம் பிடித்த 66 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் உப்பு நீரால் மூக்கைக் கழுவவும் தொண்டையைக் கொப்புளிக்கவும் செய்தார்கள். 2019-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. கழுவியவர்களுக்குச் சராசரி 1.9 நாள் முன்னதாகவே ஜலதோஷம் நீங்கியது. அவர்களிடமிருந்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றுவதும் 35 சதவிகிதம் குறைந்தது. 66 பேர் என்பது சிறிய தொகை என்று வாசகர்கள் ஆட்சேபிக்கலாம்; ஆட்சேபணை சரியே.

ஆனால் 2024-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைத்தியர்கள் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் கலந்து கொண்டவர்கள் 13,799 பேர். ஆறு மாத காலத்தில், வழக்கம் போல் விடப்பட்டவர்கள் சுவாச வியாதிகளால் சராசரி 8.2 நாள் அவதிப்பட்டார்கள். நோயின் முதல் அறிகுறி தோன்றியவுடன் உப்பு நீரை மூக்கில் தெளித்துக் கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் அவதிப்பட்டது 6.4 நாள். இவர்கள் கெண்டியை உபயோகிக்கவில்லை, சிறு தெளிப்பானைத்தான் உபயோகித்தார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். இவர்கள் உட்கொண்ட ஆன்டிபயாடிக் மருந்துகளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

நமக்கு முக்கியமாய்த் தோன்றுவது இந்தக் கடைசிச் செய்திதான். ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாடிக் கொல்லுவது பாக்டீரியாக்களை. திருடன் கொல்லைப் புறத்தில் நிற்கையில் வாசலில் தடி கொண்டு அடிப்பது போன்ற காரியம் இது. அப்படியிருந்தும், நம்மில் எத்தனை பேர் தும்மல் வந்த மறுநாளே மருந்துக் கடைக்குப் போய், சென்ற வருஷத்துச் சீட்டைக் காட்டி, அதே மாத்திரையை வாங்கி விழுங்குகிறோம்! வீணாக விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கு வழி செய்கிறது. நாளைக்குக் குழந்தைக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால், அப்போது கை கொடுக்க வேண்டிய மருந்து கை விட்டு விடும்.

உப்பு நீர் செய்யும் வேலை என்ன? மூக்கின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் ஒட்ட வைத்துக் கொண்ட சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக் கொண்டேயிருக்கின்றன. ஜலதோஷத்தில் சளி தடித்துப் போய் இந்தப் போக்குவரத்து நின்று விடுகிறது. உப்பு நீர் சளியை இளக்கி வெளியேற்றி, பாதையைத் திறந்து விடுகிறது. எடின்பரோ வைத்தியர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு நமது செல்கள் கிருமிகளை எதிர்க்கும் ஓர் அமிலத்தைத் தாமே தயாரித்துக் கொள்வதாகச் சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள்.

உப்பில்லாத வெறும் நீர் மூக்கில் ஏறினால் ஏன் எரிகிறது என்று ஆற்றில் முழுகிய ஒவ்வொரு சிறுவனும் கேட்டிருப்பான். நமது உடம்பிலுள்ள நீரின் உப்பளவும் வெளி நீரின் உப்பளவும் ஒத்திராததே காரணம். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகி விடும்; எரியாது.

உப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து சென்ற தொண்டர்கள், ஒரு பிடி உப்புக்காகச் சிறை புகுந்தார்கள். பரம ஏழைக்கும் உப்பில்லாமல் முடியாது; ஆகையால்தான் அதன் மீது விதித்த வரி அவ்வளவு கொடியதாயிருந்தது. அந்த வரி 1947-ல் ஒழிந்தது. எவருக்கும் கிட்டும் அந்தப் பொருளே, எவருக்கும் கிட்டும் சிகிச்சையாகவும் இருக்கிறது என்பதில் நமக்கு ஒரு தனித் திருப்தி.

ஆனால் திருப்தியோடு நின்று விட்டால் பெரும் பிழை செய்தவர்களாவோம். இனித்தான் அத்தையின் அதட்டலுக்கு வருகிறோம்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் இருவர் மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். இருவரும் குளத்தில் குளித்தவர்களல்ல. தத்தம் வீட்டில், நமது மைத்துனர் வாங்கி வந்தது போன்ற கெண்டியில், குழாய்த் தண்ணீரை நிரப்பி மூக்கைக் கழுவியவர்கள். அந்தத் தண்ணீரில் நெக்லேரியா என்னும் அமீபா இருந்தது. இந்தப் பிராணியின் சுபாவம் விசித்திரமானது. அது உள்ள நீரை விழுங்கினால் கெடுதல் இல்லை. மூக்கின் மேற்பகுதிக்கு ஏறி விட்டாலோ, வாசனை அறியும் நரம்பின் வழியே மூளைக்குப் போய் விடுகிறது. அப்படிப் போன பின் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் மாண்டு போகிறார்கள். 'வயிற்றுக்கு ஆவது மூக்குக்கு ஆகாதா?' என்று நாம் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ஆகாது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த சமாசாரம் என்று இருந்து விடக் கூடாது. 2024-லும் 2025-லும் அண்டை மாநிலமான கேரளத்தில், குளங்களிலும் ஆறுகளிலும் குளித்த குழந்தைகள் உட்படப் பலர் அமீபா மூளைக் காய்ச்சலுக்கு ஆளாயினர், உயிர்கள் போயின. கோழிக்கோட்டுப் பக்கத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், நோய் சீக்கிரமே கண்டு பிடிக்கப்பட்டதால் தப்பினான். வியாதி மிக அபூர்வமானதே. ஆனால் அடுப்பில் ஒரு நிமிஷம் கொதித்தால் அந்த அமீபா செத்துப் போகிறது என்னும்போது, அபூர்வம் என்று சொல்லி அலட்சியம் செய்ய என்ன இருக்கிறது?

ஆகவே முறையைத் தெளிவாகவே சொல்லி விடுகிறோம். அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, தலை தட்டி எடுக்கவும். அயோடின் கலந்த உப்பு சிலருக்கு எரிச்சல் தரும். இதற்கு மட்டும் அயோடின் சேராத உப்பு நல்லது. (சமையலுக்கு அயோடின் உப்பை விட்டு விட வேண்டாம், அது வேறு தேவைக்கு.) கல் உப்பானால் நாலரை கிராம் நிறுத்துக் கரைத்து, சுத்தமான துணியில் வடிகட்டிக் கொள்ளவும். பிறகு தளதளவென்று ஒரு நிமிஷம் முழுதும் கொதிக்க வேண்டும். உதகமண்டலம், கொடைக்கானல் வாசிகள் மூன்று நிமிஷம் கொதிக்க விடவும். உயரமான இடங்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து விடுகிறது. மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின் உபயோகிக்கவும். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வீட்டு வடிகட்டியில் இறங்கிய நீர் காய்ச்சிய நீருக்கு ஈடாகாது. இவ்வளவும் தொந்தரவாகத் தோன்றுகிறவர்கள் மருந்துக் கடையில் இதற்கென்று விற்கும் சுத்தமான உப்பு நீரை வாங்கிக் கொள்ளலாம்.

தலையைக் குனிந்து ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக் கொண்டு, மேல் துவாரத்தில் மெல்ல ஊற்றினால் கீழ்த் துவாரத்தில் வழிந்து விடும். பிறகு பக்கத்தை மாற்றவும். முடிந்ததும் முன்னே குனிந்து மெதுவாகச் சிந்தவும். பலமாகச் சிந்தினால் நீர் காதுக்குள் ஏறி வலி உண்டாகும். கெண்டியைக் காய்ச்சிய நீரில் கழுவிக் கவிழ்த்து உலர விடவும். ஒருவர் கெண்டி ஒருவருக்கே. தாம்பத்ய ஒற்றுமையை இதில் காட்ட வேண்டியதில்லை.

கைக்குழந்தைகளுக்குக் கெண்டி கூடவே கூடாது. மருந்துக் கடையில் விற்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தை வைத்தியரைக் கேட்டு விடலாம். காது வலி உள்ளவர்கள், மூக்கிலிருந்து ரத்தம் வருகிறவர்கள், மூக்கில் ரண சிகிச்சை செய்து கொண்டவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோரும் முதலில் வைத்தியரைக் கேட்பதே முறை. மூச்சு வாங்கினாலும், ஜுரம் மூன்று நாளாய் இறங்காவிட்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சிழுக்கையில் அதன் விலாப்புறம் உள்ளே குழிந்தாலும், கெண்டியை வைத்து விட்டு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். உப்பு நீர் ஜலதோஷத்தின் நாட்களைக் குறைக்குமேயன்றி, நிமோனியாவைத் தீர்க்காது.

இந்த விவரங்களையெல்லாம் படித்துத் தெரிந்து கொண்ட பிறகு, ஒரு நாள் அத்தையின் அருகில் உட்கார்ந்து லூசியானாவையும் நெக்லேரியாவையும் பற்றி விஸ்தாரமாகச் சொன்னோம். "அத்தை, அன்று காய்ச்சச் சொன்னீர்களே, இந்த அமீபா விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டோம்.

"எனக்கு என்ன தெரியும்? குழந்தைகளுக்கு எதைக் கொடுத்தாலும் காய்ச்சிக் கொடுன்னு எங்கம்மா சொல்லுவா. உனக்கு வயசு அறுபதானா என்ன?" என்றார்.

அறுபது வயதுக் குழந்தையாகிய நாம் பதில் பேசவில்லை. கெண்டியை எடுத்துக் கொண்டு அடுப்படிக்குச் சென்றோம்.