மலைவழியும் வழிக்குடிலும்

மலையேற்றம் என்றதும் அதனை மேலைநாட்டார் கண்ட புதுப் பொழுதுபோக்கு எனக் கருதும் போக்கு நம் மாணவரிடையே காணப்படுகின்றது. உண்மை அதுவன்று. மலைவழி நடப்போர்க்கென ஒரு முழு வழிகாட்டியையே சங்கச் சான்றோர் நமக்கு வைத்துச் சென்றுள்ளனர். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாமே அது. 583 அடிகளால் இயன்ற அப்பாட்டில், செங்கண்மாவில் வாழ்ந்த நன்னனிடம் பரிசில் பெறச் செல்லுமாறு கூத்தரைப் பெருங்கௌசிகனார் ஆற்றுப்படுத்துகின்றார். அச்செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். அதற்குத் தெற்கே, கள்ளக்குறிச்சிக்கு மேற்றிசையில் நிற்பது நம் கல்வராயன் மலை.

இலக்கியம் காட்டும் வழி

காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பார்த்து நடக்க என்கிறார் புலவர். பாம்பு உறையும் குழிகளை விலக்குக. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரங்களில் மறைந்து செல்க. பாசி படிந்த வழுக்கு நிலத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்க. இருட்டியபின் நடவாது குகைகளில் தங்குக. மலைச் சிறுகுடியினர் உங்களை உறவினர் போல ஏற்று உணவளிப்பர் என்றெல்லாம் அவர் கூறிச் செல்கின்றார். இவற்றுள் நம் நெஞ்சைவிட்டு அகலாதது ஒன்று. வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்க என்பதே அது. தாம் சென்று சேர்ந்தால் போதும் என்னாது, பின்வருவார் வழி தவறலாகாது எனக் கருதிய உள்ளம் போற்றத்தக்கதன்றோ!

நாம் கற்ற பாடம்

இப்பாட்டைப் பல்லாண்டு வகுப்பறையில் நடத்திய நாம், அதன் பொருளை மலையில்தான் உணர்ந்தோம். சில ஆண்டுகட்கு முன்னர் ஓர் ஐப்பசித் திங்களில் மாணவர் பதினால்வருடன் வெள்ளிமலைக்குச் சென்று, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். ஓர் ஓடையைக் கடந்ததும் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர், "மேல மழை பிடிச்சிருக்கு, ஓடையில தண்ணி வந்துடும், திரும்பிடுங்க சார்" என்றார். நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்தது. வானத்தை நம்பினோம், அவர் சொல்லை நம்பிலோம்.

இரண்டு மணி நேரத்தில், கணுக்கால் அளவு ஓடிய நீர் மார்பளவு பெருகிற்று. திரும்பும் வழி அடைபட்டது. மாணவர் ஒருவர் பாறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். நம்மைத் தேடி அம்முதியவரே வந்து, மரவள்ளிக் காட்டின் நடுவே இருந்த தம் காவற்குடிலுக்கு அழைத்துச் சென்றார். மூங்கிற்படலும் புற்கூரையும் உடைய அச்சிறு குடிலில், அவித்த கிழங்கை உண்டு, நெருப்பைச் சூழ்ந்து இரவைக் கழித்தோம். விடிந்தபின் பணம் நீட்டிய நம் கையை அவர் மெல்ல விலக்கினார்.

ஊர் திரும்பியதும் பெற்றோரும் பெரியோரும் நம்மைக் கடிந்துகொண்டனர். கடிந்தது முறையே. ஆயின், இனி மாணவர்க்கு மலைப்பயணமே வேண்டா என்று சிலர் கூறியதை நாம் ஏற்பதற்கில்லை. குற்றம் மலையினதன்று. வழியறிந்தார் சொல்லைக் கேளாமையே குற்றம், அது நம்முடையது.

செய்யத்தக்கன

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்திற்கு அரசு விதிகளை வகுத்தது. 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின்கீழ் 40 பாதைகள் அறிவிக்கப்பெற்று, அவ்வவ்விடத்து மக்களே வழிகாட்டிகளாக அமர்த்தப்பெற்றனர். இது நன்று.

நியூசிலாந்து நாட்டில் தரனாகி என்னும் மழைமிக்க எரிமலையுண்டு. அதன் சரிவுகளிலும் பிற மலைகளிலுமாக அந்நாட்டு அரசுத்துறை 900-க்கும் மேற்பட்ட வழிக்குடில்களைப் பேணி வருகின்றது. குடிலில் ஒரு குறிப்பேடு இருக்கும். வருவோர் தம் பெயரையும் அடுத்துச் செல்லும் வழியையும் அதில் எழுதிச் செல்வர். எவரேனும் காணாமற்போனால், தேடுவோர்க்கு அவ்வேடே துணை. நம் புல்முடிச்சின் மறுவடிவம் அது எனலாம்.

கல்வராயன் எரிமலையன்று, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. எனினும் மழைநாளில் அதன் ஓடைகளும் வழுக்குப் பாறைகளும் இரக்கமறியா. ஈண்டு வேண்டுவன மாளிகை விடுதிகள் அல்ல. பழைய ஒற்றையடிப் பாதைகளில் ஆங்காங்கே சிறு குடில், குறிப்பேடு, ஓடைகளில் நடைபாலம், வழிகாட்டுவோர்க்கு உரிய கூலி, மழைநாளில் மலைமக்கள் 'வேண்டா' என்றால் பாதையை மூடும் ஒழுங்கு ஆகிய இவையே போதும்.

இவை வந்துபோகும் நமக்காக மட்டும் அல்ல. மலையாளிகள் எனப்படும் அப்பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் உழன்றவர். சாலை எட்டாச் சிற்றூர்களிலிருந்து நோயாளரைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் நிலை இம்மாநிலத்து மலைகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. நமக்கு இன்பநடையாகும் பாதை, அவர்க்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வாழ்க்கைப் பாதை. ஆதலின் அவர்தம் கால்களுக்கு உதவாத எந்தப் பாதையும் நம் கால்களுக்கு வேண்டா.

மாணவச் செல்வங்களே, மலைக்குச் செல்லுங்கள். ஆனால் கேட்டுச் செல்லுங்கள். திரும்புகையில் பின்வருவார்க்கென ஒரு புல்லையேனும் முடிந்து வைத்து வாருங்கள்.