ஆவணத்தில் முடியாத இணைப்பு

பாடசாலைக் கலைத்திட்டத்தின் நோக்கங்களைத் தரந்தோறும் பொருத்தி அமைக்கும் பணியை மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் செய்து முடித்துவிட்டது என்றும், ஆதலால் நெல்லியடியிலும் கரவெட்டியிலும் கற்பிக்கும் ஆசிரியர் தத்தம் தரத்துப் பாடத்திட்டத்தை உரிய தவணைக்குள் முடித்தாலே போதும் என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2015 முதல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம், ஒரு பாடத்தின் தேர்ச்சிகளைத் தரம் 6 முதல் 13 வரை படிப்படியாக வளர்த்தெடுக்கும் நிலைக்குத்து ஒருங்கிணைப்பையும், ஒரே விடயம் பல பாடங்களில் மீண்டும் மீண்டும் வருவதைக் குறைக்கும் கிடை ஒருங்கிணைப்பையும் தன் கொள்கையாகவே கொண்டிருந்தது. ஆயினும் அக்கொள்கையிலிருந்து பெறப்படும் முடிவு தவறானது.

ஆவணத்தின் வரிசையே மாணவரின் வரிசை என்பது இம்முடிவின் முதல் எடுகோள். அக்கலைத்திட்டமோ தரம் 6க்கும் தரம் 10க்கும் ஒரே ஆண்டில் அறிமுகமாயிற்று. 2015இல் தரம் 6இல் சேர்ந்த பிள்ளை 2019இலேயே தரம் 10ஐ அடைந்தது. இடையில் அத்தரத்துக்கு வந்த நான்கு அணியினரும் பழைய அடித்தளத்தின்மேல் புதிய பாடத்தைக் கற்க நேர்ந்தது. 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் இதே இரு தரங்களிலிருந்தே தொடங்கியிருந்தது. அவ்விடைவெளியை நிரப்பும் சுமை வகுப்பறை ஆசிரியரையே சேர்ந்தது.

கற்பிக்கப்பட்டது கற்கப்பட்டுவிட்டது என்ற இரண்டாவது எடுகோள் இன்னும் பிழையானது. தரம் 10 விஞ்ஞானத்தில் வரும் மூல், அதாவது 6.022 × 10²³ துணிக்கைகளைக் கொண்ட பதார்த்த அளவு, பத்தின் வலுக்களைப் பெருக்கவும் வகுக்கவும் அறியாத பிள்ளைக்குப் பொருளற்ற எண்ணாகவே நிற்கும். வலுக்கள் கீழ்த்தரக் கணிதத்தில் இடம்பெறுகின்றன என்பதைப் பாடத்திட்டம் காட்டும்; எந்தப் பிள்ளை அவற்றில் தடுமாறுகிறது என்பதைச் சென்ற ஆண்டில் அப்பிள்ளைக்குக் கணிதம் கற்பித்தவர் மட்டுமே சொல்ல முடியும். அவரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றியும் இதுபற்றிப் பேச ஒரு பாடவேளையேனும் ஒதுக்கப்படாவிட்டால், பிள்ளையின் தடுமாற்றம் சோம்பலாகவே எண்ணப்பட்டுவிடும். இது பெரும் அநீதி.

பரீட்சைகள் இக்குறையைக் காட்டிக்கொடுக்கும் என்பாரும் உளர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின்னர் மாணவர் எதிர்கொள்ளும் அடுத்த தேசியப் பரீட்சை க.பொ.த. சாதாரண தரமே, அப்போது திருத்துவதற்கான காலம் கடந்துவிடுகிறது. தனியார் கல்வி நிலையங்கள் ஈடுசெய்யும் என்ற வாதமோ, கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஆகவே வடமராட்சிக் கல்வி வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்களும் அதிபர்களும் முதலாந் தவணையின் தொடக்கத்தில் அடுத்தடுத்த தரங்களின் ஆசிரியரை ஒன்றுகூட்டி, மாணவர் எந்தத் தேர்ச்சி மட்டத்தில் நிற்கின்றனர் என்பதை எழுத்தில் கையளிக்கச் செய்தல் வேண்டும்.